நமத்துப் போகக் கூடாதது

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

மழைக்காலத்தில் சாயங்காலம் வேலை விடும் நேரம் தாயில்பட்டி பக்கம் ரோட்டோரம் நின்று பாருங்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று எந்தத் திசையிலிருந்து வருகிற வண்டியானாலும் தூறல் விழுந்ததும் ஓரங்கட்டும். வண்டிக்காரரின் கை முதலில் சட்டைப் பைக்குப் போகும். செல்போனை வெளியே எடுப்பார். முன்னால் தொங்கும் பையிலிருந்து ஒரு பாலிதீன் உறையை உருவி, செல்லை உள்ளே விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, டிபன் கேரியருக்கு அடியில் பத்திரப்படுத்துவார். அதன்பிறகுதான் தலைக்குத் துண்டு. பாதிப் பேரிடம் மழைக்கோட்டே கிடையாது. உடம்பு நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், செல் நனைந்தால் போச்சு என்பது கணக்கு.

என் வயதுக்காரர்கள் இதைப் பார்த்துக் கேலி பேசுகிறார்கள். "செல்லுக்குக் குடுக்கிற மரியாதைய தலைக்குக் குடுக்க மாட்டேங்கிறானே!" என்கிறார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு இல்லை. பொருளை முதலில் மூடு, ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தக் கரிசல் காட்டில் தாத்தா காலத்துப் பழக்கம். மூடப்படுகிற பொருளும் மூடுகிற பொருளும்தான் மாறி வந்திருக்கின்றன. அந்த மாற்றத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் பகுதியின் பிழைப்பே ஈரமின்மையை நம்பியது. நம் மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழைதான். அதிலும் பாதியளவு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். மீதி மாதங்களில் வானம் பார்த்த பூமி. விவசாயிக்குச் சாபமாக இருந்த இந்த வறட்சி, தீப்பெட்டிக்கு வரமானது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் இங்கே தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். அவர்கள் கொண்டுவந்த தொழிலுக்கு எது தேவையோ அது இந்த மண்ணில் மலிந்து கிடந்தது. ஒன்று வெயில், இன்னொன்று வேலைக்கு ஏங்கிய கைகள்.

தீக்குச்சியின் தலையில் உள்ள மருந்தில் முக்கியமானது பொட்டாசியம் குளோரேட். அதைக் குச்சியோடு பிடித்து வைத்திருப்பது வஜ்ஜிரம் என்கிற பசை. மாட்டுத் தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுப்பது. இந்த வஜ்ஜிரம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்தால் இளகும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசிய பட்டையும் ஈரம் பட்டால் கூழாகி உரிந்துவிடும். உரசினால் தீப்பொறிக்குப் பதிலாகக் குச்சியின் தலைதான் கழன்று விழும். குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன் மெழுகில் முக்குவார்கள். அது மழைக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தலையில் பற்றிய தீயை மரத்துக்குக் கடத்திக் கொடுக்கத்தான் அந்த மெழுகு. மழைக்கு அதனால் பெரிய தடுப்பு ஒன்றும் கிடையாது.

"நமத்துப் போச்சு" என்ற சொல் தமிழ்நாடு முழுக்க உண்டு. அப்பளம் நமக்கும், முறுக்கு நமக்கும். ஆனால் இந்தச் சொல் எங்கள் பகுதியில் ஒலிக்கிற மாதிரி வேறெங்கும் ஒலிக்காது. இங்கே நமத்துப் போனால் ஒரு வாரக் கூலி போயிற்று என்று அர்த்தம். வீட்டில் கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டிய குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டிய பெட்டிகள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கும்போது மேற்கே கருத்தால், தெருவே ஓடும். பிள்ளை அழுதாலும் அடுப்பில் உலை பொங்கினாலும் பெட்டிதான் முதலில் உள்ளே போகும். வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வானம் இருட்டினால் பிள்ளைகளின் கண் ஜன்னலுக்குப் போகும். மழையில் நனைந்து விளையாடும் ஆசை என்று வெளியூரிலிருந்து வந்த சக ஆசிரியர் ஒருவர் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பெட்டியை யார் எடுப்பார்கள் என்ற கவலை அது.

இதற்கும் முந்திய காலத்துக்குப் போவோம். மழைக்குக் கருவேலங்காட்டு ஆடு மேய்ப்பவர் முதல் சம்சாரி வரை தலையில் போட்டது கொங்காணி. சணல் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் அமுக்கிவிட்டால் தலையும் முதுகும் மூடுகிற தொப்பி தயார். இளந்தலைமுறைக்காகச் சொல்கிறேன்: அது தண்ணீர் புகாத உடை அல்ல. அரை மணி நேரம் தாங்கும், பிறகு சாக்கே தண்ணீரைச் சுமக்கும். ஆளுக்கு அவ்வளவுதான் ஏற்பாடு. பொருளுக்கு இருந்த ஏற்பாடு அதைவிட நேர்த்தி. பனையோலையில் முடைந்த கொட்டான், மூடியுள்ள ஓலைப்பெட்டி, கருப்பட்டிச் சிப்பம். ஓலையின் வழவழப்பான மேற்பரப்பில் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். விதை, புளி, மிளகாய் வற்றல் எல்லாம் அடுப்புக்கு மேலே பரணில் இருக்கும். புகையும் சூடும் ஈரத்தை அண்ட விடாது. ஏட்டுச் சுவடி வைத்திருந்த வீடுகளில் இரண்டு பக்கமும் கட்டை வைத்து, கயிறு சுற்றி, துணியில் பொதிந்து அதையும் உயரத்தில்தான் வைத்தார்கள்.

மழையில் பயணம் போகும் பொருள்களில் அன்றைக்குத் தலையானது கடிதம். தபால் ஓட்டக்காரர் கையில் ஈட்டியும் சலங்கையுமாக, தோளில் பையோடு ஓடிய காலம். ஆள் நனைவார், பை நனையக் கூடாது. பைக்கு மெழுகுச்சீலை, எண்ணெய் ஊறிய துணி என்று பல உறைகள். பிறகு கித்தான், அதன்பின் தார்ப்பாய். இந்தத் 'தார்ப்பாய்' ஒரு வேடிக்கையான சொல். கேட்டால் பச்சைத் தமிழ் மாதிரி இருக்கும். தார் பூசிய பாய் என்று பொருளும் பொருந்தும். உண்மையில் இது 'டார்பாலின்' என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் புகுந்து வேட்டி கட்டிக்கொண்டது. கப்பல்காரர்கள் கித்தானில் தார் தடவிச் சரக்கை மூடியதால் அந்தப் பெயர்.

ஆங்கிலேயர் நாட்டில் மழை தினப்படி விருந்தாளி. அதனால் அவர்கள் இதில் நிறைய மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கிளாஸ்கோவில் சார்லஸ் மேக்கிண்டாஷ் என்பவர் இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைத் தடவி ஒட்டி, 1823இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அந்த நாட்டில் மழைக்கோட்டுக்கு அவர் பெயர்தான். ஆனால் அந்தக் கோட்டு வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். நம் சித்திரை வெயிலில் அதைப் போட்டிருந்தால் ஆளையும் சேர்த்து ஒட்டியிருக்கும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீரும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்து 1844இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் என்றவுடன் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு நினைப்பு வரும், அதே கந்தகம்தான்.

மோட்டார் சைக்கிளும் செய்தியும் மழையும் ஒன்றாகச் சந்தித்தது முதல் உலகப் போரில். 1914இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்தி கொண்டு போகச் சொந்த மோட்டார் சைக்கிளோடு இளைஞர்கள் சேர்ந்தார்கள். தந்திக் கம்பி அறுந்த இடத்தில் இவர்கள்தான் கம்பி. சேற்றிலும் மழையிலும் தோல் பையில் காகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓட்டினார்கள். போருக்குப் பிறகு வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்றே தனி உடைகள் வரத் தொடங்கின. 1936இல் பார்பர் என்ற இங்கிலாந்து நிறுவனம் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்காக மெழுகு ஏற்றிய பருத்திச் சட்டை ஒன்றைத் தைத்தது. இன்றைக்கும் அது பெரிய விலைக்குப் போகிறது. சுற்றிச் சுற்றிப் பார்த்தால் அதுவும் மெழுகுச்சீலைதான்.

எல்லாவற்றையும் ஓரங்கட்டியது பாலிதீன். 1933 மார்ச் மாதம் இங்கிலாந்தின் நார்த்விச் ஊரில் ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் வேறெதற்கோ எத்திலீன் வாயுவை அழுத்தத்தில் வைத்துப் பரிசோதித்தபோது மெழுகு மாதிரி வெள்ளையாக ஒன்று பாத்திரத்தில் படிந்திருந்தது. அதுதான் பாலிதீன். இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக அது போனது. போருக்கு முப்பது வருடம் கழித்து நம் மளிகைக் கடைகளுக்குப் பரவியது. நாங்கள் அதை ஜவ்வுத்தாள் என்போம்.

அதே போர் நம் ஊருக்குச் செய்தது வேறொன்று. வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்று, சிவகாசிப் பட்டாசு தலையெடுத்தது. பட்டாசு வந்த பிறகு ஈரத்தின் அர்த்தமே மாறிப் போனது. தீக்குச்சி நமத்தால் நஷ்டம், அவ்வளவுதான். பட்டாசில் ஈரம் ஆபத்து. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது உள்ளுக்குள் வினைபுரிந்து சூடேறும். அந்தச் சூடே நெருப்பாக மாறலாம். இதனால்தான் மழை வந்தால், இடி மின்னல் என்றால், மருந்து வேலையை நிறுத்துகிறார்கள். இதில் ஒரு கொடுமை பாருங்கள். ஊரெல்லாம் பட்டாசு கேட்பது ஐப்பசி தீபாவளிக்கு. மழை கொட்டுவதும் அதே ஐப்பசியில். வருடம் முழுக்க வெயிலை நம்பிச் செய்த சரக்கை, வருடத்தின் ஈரமான மாதத்தில் லாரியேற்றி அனுப்புகிறோம். அந்த நேரத்தில் தார்ப்பாய்க்கும் ஜவ்வுத்தாளுக்கும் இருக்கிற கிராக்கியைச் சரக்கு ஏற்றியவர்களைக் கேட்டால் தெரியும். அச்சகங்களிலும் இதே பாடுதான். தாள் ஈரம் வாங்கினால் அலையடிக்கும். ஒரு நிறம் ஒரு இடத்திலும் அடுத்த நிறம் அடுத்த இடத்திலும் விழும். முருகனுக்கு நான்கு கண் இருக்கிற காலண்டரை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, எழுபதுகளின் இறுதியில் நம் பகுதியில் எல்லார் வீட்டிலும் ஜவ்வுத்தாள் இருந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் ஏறலாம், முன்னால் ஒரு மூட்டை வைக்கலாம். சைக்கிளிலும் நடையிலும் போய்க்கொண்டிருந்தவர்கள் மெல்ல வண்டிக்கு மாறினார்கள். சைக்கிளில் போகிறவருக்கு மழை மேலிருந்து விழும். வண்டியில் போகிறவருக்கு மழை முன்னாலிருந்து அடிக்கும். இந்த வித்தியாசம் சின்னது போலத் தோன்றும். வண்டி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சட்டைப் பை என்பது மழையைப் பார்த்துத் திறந்து வைத்த வாய். சாதாரணத் தூறலே நெஞ்சில் வந்து குத்தும்.

அந்தப் பையில் அன்றைக்கு இருந்தது என்ன? பீடிக் கட்டு, தீப்பெட்டி, நான்கைந்து ரூபாய் நோட்டு, ஒரு டைரி. இவற்றில் பெரியவர்கள் முதலில் காத்தது தீப்பெட்டியைத்தான். தலைப்பாகை மடிப்புக்குள் செருகுவார்கள். தலை நனைந்தாலும் உச்சி மடிப்பு கடைசியாகத்தான் நனையும். பிறகு ஜவ்வுத்தாளில் சுற்றி இடுப்பு மடியில் வைத்தார்கள். உலகத்துக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊரில், நனைந்த குச்சியோடு பக்கத்து ஆளிடம் நெருப்புக் கேட்பது மானக்கேடு! பெண்கள் பக்கம் சுருக்குப் பை. அதற்குள் காசை வெற்றிலையோடு வைத்து, மேலே ஒரு துண்டு ஜவ்வுத்தாள். ரேஷன் கார்டுக்குத் தனி உறை. கைக்கடிகாரம் கட்டியவர்கள் அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வார்கள். ரேடியோப்பெட்டி வைத்திருந்தவர் அதை வேட்டிக்குள் அணைத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையைக்கூட அப்படித் தூக்கியிருக்க மாட்டார்.

இப்போது செல்போனுக்கு வருவோம். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று, கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது. நம் பக்கம் அது கூலிக்காரர் கைக்கு வரப் பத்து வருடமானது. அப்படி வந்தவற்றில் நோக்கியா 1100ஐ மறக்க முடியாது. 2003இல் வெளியானது. அந்த போனில் பொத்தான்களுக்கு இடையே சந்து கிடையாது. முழுக்க ஒரே ரப்பர் விரிப்பு. நம்மைப் போன்ற தூசியும் புழுக்கமும் உள்ள நாடுகளை மனதில் வைத்தே அப்படிச் செய்தார்கள். தலையில் டார்ச் வேறு. லேசான தூறலில் எடுத்துப் பேசலாம். 2006இலிருந்து ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா தொழிற்சாலை நடந்தது, 2014இல் மூடினார்கள். எத்தனை தமிழ்ப் பிள்ளைகளின் முதல் சம்பளம் அங்கே!

தொடுதிரை வந்தபிறகு அந்த நிம்மதி போயிற்று. இதில் இரண்டு தொந்தரவு. தண்ணீர் உள்ளே போவது ஒன்று. உள்ளே போகாமலே திரைமேல் நிற்பது இன்னொன்று. தொடுதிரை நம் விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. மழைத்துளியும் மின்சாரத்தைக் கடத்துவதால் அதையும் விரல் என்று எண்ணிக்கொள்ளும். மழையில் தானாகவே யாருக்கோ அழைப்புப் போவதும், எடுக்க நினைத்த அழைப்பு துண்டிப்பதும் இதனால்தான்.

இதெல்லாம் வசதிக் குறைவுதானே, ஒரு நாள் செல் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். மற்ற ஊர்களில் கேட்கலாம். நம் ஊரில் கேட்க முடியாது.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்று பகலில் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேல். இடையிலும் பிறகும் நடந்தவற்றை இங்கே அடுக்கப் போவதில்லை. அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தேதி மறக்காது. ஒவ்வொரு முறையும் சத்தம் கேட்ட மறு நிமிடம் நடப்பது ஒன்றுதான். சுற்றிலும் உள்ள அத்தனை வீட்டிலும் செல்லை எடுத்து எண்ணை அழுத்துகிறார்கள். முன்பு தந்தி என்ற வார்த்தையே வயிற்றைக் கலக்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். இப்போது வயிற்றைக் கலக்குவது, 'நீங்கள் அழைத்த எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்கிற அந்தக் குரல்.

ஆலைக்குள் செல்லைக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அது சரியான விதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே வேலை நேரத்தில் யார் செல்லும் பதில் தராது என்பது வீட்டுக்குத் தெரியும். வேலை விட்டு வெளியே வந்து வண்டியை எடுக்கும் முன் "கிளம்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். பல வீடுகளில் இது பூஜை மாதிரி. சொன்ன பிறகுதான் அங்கே உலை வைப்பார்கள்.

மழைக்காலத்தில் இந்த ஏற்பாடு குலைகிறது. ஐப்பசியில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் எழும் முதல் கேள்வி, "இடியா, வெடியா?" வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன் என்கிற பெரியவர்கள் உண்டு. இடி உருளும், வெடி அதிரும் என்பார்கள். நிச்சயமாகத் தெரிவதற்கு ஒரே வழி செல்தான்.

சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மாலை. மழை பிடித்து ஊற்றுகிறது. பக்கத்து வீட்டு மருமகள் குடைகூட இல்லாமல் என் வாசலுக்கு ஓடிவந்தாள். "சார், மாமா கெளம்பிட்டேன்னு சொல்லி முக்கா மணி நேரமாச்சு. இப்ப அடிச்சா சுவிட்ச் ஆஃப்னு வருது. இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல சார்?" எனக்கும் கேட்டது. இடி என்றுதான் தோன்றியது. ஆனால் அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன ஆதாரம்? தெரிந்த நான்கு பேருக்கு அடித்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை, ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் தனக்கும் சத்தம் கேட்டதாகச் சொன்னார். அந்தப் பெண் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. இருட்டின பிறகு அந்தப் பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பினான். பிளக்கில் தண்ணீர் புகுந்து வண்டி நின்றிருக்கிறது, சட்டைப் பையில் இருந்த செல்லும் நனைந்து அணைந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். அவள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்லைப் பிடுங்கி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் அவன் வண்டியின் முன்பக்கம் மூன்று பாலிதீன் உறைகள் ரப்பர் பேண்டு போட்டுத் தொங்கின.

இதற்கு மேல் செல்லில் இருப்பவை உங்களுக்குத் தெரிந்தவைதான். வாரக் கூலி சிலருக்கு அதில் வருகிறது. கடைக் கணக்கை அதில் தீர்க்கிறோம். கியாஸ் பதிவு, வங்கி என்று எதற்கெடுத்தாலும் ஓர் எண் வர வேண்டும். 2020இல் பள்ளிகள் மூடியபோது ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு செல். அப்பா வேலையிலிருந்து அதைக் கொண்டுவந்தால்தான் பாடம். தீப்பெட்டி, கடிதம், சுருக்குப் பை, ரேஷன் கார்டு என்று தனித்தனியாக மூடி வந்ததெல்லாம் ஒரே கண்ணாடித் துண்டுக்குள் போய்விட்டது.

சரி, எப்படி மூடுகிறார்கள், எது தாங்குகிறது? பலரும் ஏமாறுவதால் இதைச் சற்று விவரமாகச் சொல்கிறேன். பெட்டியில் ஐ.பி.67, ஐ.பி.68 என்று போட்டிருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அசையாத தண்ணீரில், புதுப் போனை வைத்துச் செய்த சோதனை அது. இரண்டு வருடம் பழகி, நான்கு முறை கீழே விழுந்து, ஓரம் விட்டுப்போன போனுக்கு அந்த வாக்குறுதி செல்லாது. வண்டி வேகத்தில் மழை சாட்டையடியாக அடிப்பதும் வேறு கணக்கு. தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான கம்பெனிகள் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் சிவப்பாகும். கடைக்காரர் அதைத் திறந்து காட்டினால் நம் பேச்சு முடிந்தது.

பாலிதீன் உறை எளிது, மலிவு, வேலையும் செய்யும். மெல்லிய உறைக்கு மேலேயே தொட்டுப் பேசலாம். ஆனால் செல் சூடாகும் பொருள். இறுக்கிக் கட்டினால் உள்ளே அடைபட்ட காற்று வேர்த்து, உறையின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். நனைந்த கையோடு உள்ளே வைத்தால் இன்னும் மோசம். துடைத்துவிட்டு வைக்க வேண்டும், வீடு சேர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். கைப்பிடியில் மாட்டுகிற ஜிப் உறைகள் இப்போது கடைகளில் தொங்குகின்றன. வழி பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு உதவும். ஆனால் மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு போகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குப் பிரம்பை எடுக்கத் தோன்றும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. கண்மாயில் மிதந்த குப்பையைப் பார்த்தவன் என்ற முறையில் நான் அதை வரவேற்கிறேன். ஆனால் மஞ்சப்பை மழைக்கு உதவாது. பால், தயிர், எண்ணெய் உறைகளுக்குத் தடையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே எங்கள் தெருவில் அரை லிட்டர் பால் கவரின் வாய்ப்பக்கத்தை நேராக வெட்டி, கழுவி, கொடியில் காயப் போட்டு, செல்லுக்கு உறையாக்குகிறார்கள். கனமான தாள், அளவும் சரியாக இருக்கிறது. சரியாகக் கழுவாவிட்டால் செல்லைக் காதில் வைக்கும்போது புளித்த வாடை அடிக்கும், அவ்வளவுதான் குறை.

நனைந்துவிட்டால்? உடனே அணைக்க வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் பட்டால் உள்ளே உலோகம் வேகமாக அரிக்கும். சார்ஜில் போடவே கூடாது. சார்ஜ் போடும் வாயைக் கீழே பார்த்து வைத்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலர விட வேண்டும். அரிசிப் பானையில் புதைக்கும் பழக்கம் வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2024இல் சொன்னது. தூளும் உமியும் துவாரத்துக்குள் போகும். நம் வீடுகளில் மாங்காயைப் பழுக்க வைப்பதும் அரிசியில், செல்லைக் காய வைப்பதும் அரிசியில்! எங்கள் வீட்டு அம்மா இன்னும் கேட்பதாயில்லை.

ஒரு வேண்டுகோள். சாக்கை மடித்துத் தலையில் போடுவதை எங்கள் பக்கம் கொங்காணி என்கிறோம். மற்ற ஊர்களில் வேறு பெயர் இருக்கக்கூடும். ஓலைக்கொட்டானில் மழைக்கு மூடுகிற விதமும் ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் வீட்டில் எழுபது தாண்டிய பெரியவர்கள் இருந்தால் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நோட்டில் குறித்து வருகிறேன்.